முப்பத்தொரு மொட்டையும் ஒரு பெட்டி ரிப்பனும்

பெட்டியைத் திறந்ததும் மேலே சிவப்பு ரிப்பன்தான் இருந்தது. அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே நீலம். பிறகு சீப்புகள், கிளிப்புகள், கைப்பிடி வைத்த கண்ணாடிகள், தலைக்குத் தேய்க்கிற வாசனைத் தண்ணீர் இருபது பாட்டில். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர் சர்ச்சிலிருந்து கடல் கடந்து வந்திருந்த ஆறு பேரும் சிரித்த முகத்தோடு எங்களைப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஜெபத்துக்கு முக்காடு போடுவது வழக்கம்தானே என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நீல கவுன் போட்ட அம்மாள், அவர்களில் பெரியவள், கையில் சீப்போடு போய் வரிசையின் கடைசியில் நின்ற கங்கம்மாளின் துணியை மெல்ல விலக்கினாள். உள்ளே பளபளவென்று மொட்டை. துணியை எடுக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று மற்றப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆடி மாத வெயிலில் எனக்குக் கண் கூசியது.

இதில் என் பங்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த அந்தப் பெண் பிள்ளைகள் இல்லத்தில் நான் டைப்பிஸ்ட். பெயர் பரசுராமன். போன வருஷம், எழுபதில், வெளிநாட்டுக்கு அனுப்பிய கடிதத்தோடு ஒரு போட்டோவும் வைத்தேன். காற்று அடித்த நாளில் எடுத்தது. பிள்ளைகளின் தலையெல்லாம் பரட்டை. அதைப் பார்த்து நீல கவுன் அம்மாள் அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து அவர்கள் சர்ச் பெண்கள் ஒரு வருஷமாக ரிப்பன் சேர்த்திருக்கிறார்கள். சொல்லாமல் கொண்டுவந்து சந்தோஷப்படுத்த வேண்டும் என்று ஆசை. பத்து நாள் தங்கி, சுவருக்கு வெள்ளை அடித்து, தினமும் பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது என்று திட்டம். வெள்ளையடிப்பதைப் பற்றி மட்டும்தான் எங்களுக்கு எழுதியிருந்தார்கள்.

மொட்டை அடித்த கதை வேறு. பங்குனியில் இல்லத்துக்குள் அம்மை புகுந்தது. ஒரு பிள்ளைக்கு வந்து, பத்துப் பிள்ளைக்கு வந்து, சித்திரை பிறப்பதற்குள் முப்பத்தொரு பேரும் பாயில் கிடந்தார்கள். சமையல்கார செங்கம்மாள் வேப்பிலையும் கையுமாக ராப்பகல் சுற்றி வந்தாள். கங்கம்மாளுக்கு மூச்சு இழுத்தபோது, பெரியபாளையத்து அம்மனை நினைத்து, ஒரு பிள்ளையும் குறையாமல் எழுந்தால் அத்தனை பேர் முடியையும் கொண்டுவந்து கொட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். தன் முடியை மட்டும் வேண்டிக்கொண்டிருந்தால் வம்பே இல்லை. அவளுக்கு எதிலும் அளவு தெரியாது, உப்பைத் தவிர. ஒரு பிள்ளையும் குறையவில்லை. ஆடி பிறந்ததும் நேர்த்திக்கடன் தொண்டையில் முள்ளாக நின்றது. இல்லத்துத் தலைவி விக்டோரியா அம்மா கூட்டத்துக்காகப் பட்டணம் போன வாரத்தில், ஊர்க்காரர் தேசப்பனின் நெல் லாரியைப் பேசி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டோம். ஆம், போய்விட்டோம், லாரி பேசியது நான்தான். கோயிலில் நான்கு நாவிதர்கள் உட்கார்ந்து மதியம்வரை சிரைத்தார்கள். திரும்பி வந்து தலையில் இருந்த சந்தனத்தை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினோம். பேன் தாங்கவில்லை, அதனால் எடுத்துவிட்டோம் என்று விக்டோரியா அம்மாவிடம் சொன்னோம். பேன் எந்த மதத்துக்கும் பொது என்பதால் அவர் நம்பினார். விருந்தாளிகள் வரும் நேரத்தில் இப்படியா என்று கடிந்துகொண்டு, முக்காடு யோசனையைச் சொன்னதும் அவர்தான்.

உண்மை வெளியே வந்தால் எனக்கு வேறு இடத்தில் டைப் அடிக்கக் கிடைக்கும். செங்கம்மாள் நிலைமை அப்படி இல்லை. பழவேற்காட்டு ஏரியில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். பிள்ளை இல்லை. இந்த முப்பத்தொன்றும்தான் பிள்ளைகள். கிறிஸ்தவ இல்லத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அம்மனுக்கு முடி கொடுத்தவளை எந்தத் தலைவி வைத்துக்கொள்வாள்? முற்றத்தின் ஓரத்தில் அவள் கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

நீல கவுன் அம்மாள் மண்டியிட்டு, தலையை யார் இப்படிச் செய்தது என்று கங்கம்மாளைக் கேட்கச் சொன்னாள். விக்டோரியா அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஜெபம் பண்ண வரும், பேச வராது. எனக்குப் பேச வரும். ஆனால் விண்ணப்பம் எழுதுகிற மாதிரிதான் வரும். நான் கேட்டேன். வேறு எதையாவது கேட்டிருக்கலாம் என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை.

"பாளையத்தம்மனுக்குக் குடுத்தோம்," என்றாள் கங்கம்மாள். "எங்களுக்கு அம்மை எறங்கிச்சில்ல, அதுக்கு. லாரில போய்க்கினே பாட்டு பாடினோம்."

விக்டோரியா அம்மா திரும்பிச் செங்கம்மாளைப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் ஆறு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பேனுக்கு ஆங்கிலம் மறந்துபோயிற்று. அதனால், பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்று ஆரம்பித்து, பிள்ளைகள் எல்லாரும் சாகக் கிடந்தார்கள், எல்லாரும் பிழைத்தார்கள், நன்றியாகத் தங்கள் முடியைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று முடித்தேன். எந்தத் தெய்வம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

நீல கவுன் அம்மாள் பெட்டியில் ரிப்பன் வெட்டுவதற்கு வைத்திருந்த கத்தரியை எடுத்தாள். காதுப் பக்கத்தில் ஒரு கொத்து முடியைப் பிடித்து வெட்டி, விக்டோரியா அம்மாவின் கையில் வைத்தாள். தன் ஒரே மகன் யுத்தத்தில் இருக்கிறான், ஏழு வாரமாகக் கடிதம் இல்லை, இந்தப் பிள்ளைகள் கொடுத்த இடத்திலேயே இதையும் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்றாள். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். விக்டோரியா அம்மாவால் அந்தச் செம்பட்டை முடியைக் கீழே போடவும் முடியவில்லை, கையை மூடவும் முடியவில்லை.

மத்தியானம் பிள்ளைகளுக்கு ரிப்பனைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். எங்கே கட்டுவது? கையில் கட்டினார்கள், ஆட்டுக்குக் கட்டினார்கள், மிச்சத்தை வாசல் வேப்பமரத்தில் கிளை கிளையாகக் கட்டினார்கள். செங்கம்மாள் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுத் தன் தகரப் பெட்டியில் இரண்டு சேலையை மடித்து வைத்தாள். ரசத்துக்குப் புளி எங்கே இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். அடுத்து வருகிறவளுக்குத் தெரிய வேண்டுமாம். நான் கோபமாக ஏதோ சொல்லிவிட்டு அழுகை வருவதற்குள் வெளியே வந்தேன்.

சாயங்காலம் கூழ்ப்பானையோடு ரோட்டில் போன ஊர்ப் பெண்கள், சிவப்பும் மஞ்சளுமாக நின்ற வேப்பமரத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தி உள்ளே வந்து அடிமரத்தில் மஞ்சளே பூசிவிட்டாள். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த விக்டோரியா அம்மா கத்தரியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். மரத்தடியில் செங்கம்மாள் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கங்கம்மாளுக்கு மூச்சு இழுத்தப்ப மூணு நாளு நானும் சாப்புடாம ஜெபம் பண்ணேன்," என்றார் விக்டோரியா அம்மா. "அத ஒரு புள்ளையாவது சொல்லிச்சா பாத்தியா?"

"எனக்குத் தெரியும்மா. ஒங்க தட்டுச் சோத்த மூணு நாளும் நாய்க்கு வச்சது நான்தானே."

விக்டோரியா அம்மா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். உள்ளே அந்த முடி, மடித்து நூல் சுற்றி இருந்தது.

"காலைல மொத பஸ்ஸுக்குப் போயி, போட வேண்டிய எடத்துல போட்டுட்டு வந்துடு. எட்டரைக்குள்ள வரணும். வெள்ளக்காரங்களுக்கு நாஷ்டா யாரு குடுக்கறது? பொட்டிய உள்ள கொண்டு போய் வை, செங்கம்மா."

செங்கம்மாள் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். விக்டோரியா அம்மா கத்தரியோடு மரத்தை அண்ணாந்து பார்த்தார். காற்றில் ஒரு சிவப்பு ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. கத்தரியை இடுப்பில் செருகிவிட்டு, குதிகாலைத் தூக்கிக் கிளையை எட்டிப் பிடித்து, அந்த ரிப்பனை இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினார். ரோட்டில் நின்ற பெண்கள் அதையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.