சட்டைப்பையில் நிலாக்கல்

சுடுகாட்டிலிருந்து தாய்மாமா சின்னக்கருப்பன் போன் செய்தபோது, ஆர்த்திகா அப்பாவின் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, கொஞ்சம் இங்க வந்துட்டுப் போ."

"பொம்பளைங்க வரக்கூடாதுன்னு நேத்து நீங்கதான மாமா தடுத்தீங்க?"

"நேத்து சொன்னது நேத்து. அந்தக் கல்லால ஒரே கொழப்பமாக் கெடக்கு. வா."

நேற்று அகமதாபாத்திலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது பாடையைத் தூக்கிவிட்டார்கள். வாசலிலிருந்து தெருமுனை வரைதான் அப்பா அவளுக்குக் கிடைத்தார். வாய்க்கரிசிகூடப் போடவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அப்பா பேச்சிமுத்துவின் ஆட்டோவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கல் இருக்கும். அகமதாபாத்தில் நிலாவை ஆராயும் வேலையில் இருக்கும் மகள், நாமக்கல் பக்கம் எடுத்துக் கொடுத்தது. நிலாவின் மேல்பரப்பும் பெரும்பாலும் இந்த வகைக் கல்தான் என்று சொல்லியிருந்தாள். மனுசர் அத்தோடு விடுவாரா? ஏறுகிற சவாரிக்கெல்லாம் அது நிலாவிலிருந்தே வந்ததாக அளந்துவிட்டார்.

போன மாதம்கூடப் போனில் கேட்டார். "நிலா மொதல்லருந்தே இப்பிடித்தேன் இருந்துச்சா தாயி?"

"இல்லப்பா. மொதல்ல பூரா நெருப்புக் கொழம்பு. சோடியம், பொட்டாசியம், துத்தநாகமெல்லாம் சூட்டுல முக்காவாசி ஆவியாப் போயிருச்சு. இரும்பு கலந்த கனமானது அடியில தங்கிருச்சு. கால்சியம் உள்ள வெள்ளக்கல்லு லேசு. அது மெதந்து மேல வந்து ஆறிருச்சு."

"அப்ப என்னய எரிச்சா என்ன மிஞ்சும்?"

"வேற பேச்சே இல்லியாப்பா? கால்சியம்தான் மிஞ்சும்."

"பெறகென்ன. நானும் நிலாதேன்" என்று சிரித்தார்.

அந்தக் கல்லைத்தான் அண்ணன் அருள்பாண்டி, யாரிடமும் கேட்காமல், அப்பாவின் காக்கிச் சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருந்தான். சூட்டில் அது வெடித்துச் சிதறிவிட்டது.

அவள் போனபோது அண்ணன் மண்கலயத்தோடு நின்றான். பால் தெளித்த சாம்பலில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

"எது அப்பா, எது கல்லுன்னு தெரியல பாப்பா" என்றான். "ராமேஸ்வரத்துல போயி கல்லயா கரைக்கிறது? அதேன் மாமாவ விட்டு ஒன்னய வரச் சொன்னேன்."

ஆர்த்திகா சாம்பல் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கல் உடைந்த இடத்தில் மினுங்கியது. எலும்பில் பொடிப்பொடியாகத் துளைகள். கல்துண்டுகளைப் பொறுக்கி இடது கைக்குள் மூடிக்கொண்டாள்.

பிறகு எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து, சாம்பலை விரலால் தள்ளி, கலயத்தில் போட்டாள். எடை இல்லாமல் இருந்தன. இன்னும் லேசாகச் சூடு இருந்தது. அப்பாவின் கையைக் கடைசியாக எப்போது பிடித்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் தாயி? வெயில் ஏறுது" என்றார் மாமா.

"கொஞ்சம் பொறுங்க மாமா. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு."

இடது கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, அடுத்த எலும்பை எடுத்தாள்.