மூக்கன் கடித்த கிழமைகள்

மூக்கன் கடித்ததிலிருந்து அருமைநாயகத்துக்கு வியாழக்கிழமை கிடையாது. புதன்கிழமை இரவு படுப்பார். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து காப்பி கேட்பார். நடுவில் உள்ள நாளில் மெத்தையில் அவர் படுத்த இடம் மட்டும் லேசாகக் குழிந்து கிடக்கும். அவர் மனைவி எல்சி அன்றைக்கு ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைவாள்.

அருமைநாயகம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சூப்பர்வைசர் நல்ல மனிதர். "உமக்கு வியாழன் வார லீவுன்னு வச்சிக்கிடும்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

மூக்கன் அவர்கள் வீட்டுப் பூனை. சாம்பல் நிறம், மூக்கில் ஒரு கறுப்புப் பொட்டு. கண் திறக்காத குட்டியாகச் சாக்கடை ஓரம் கிடந்ததை எல்சி தூக்கி வந்து, மருந்துக் குழாயால் பாலூட்டி வளர்த்தாள். மூன்றாவது மாடி வீடு. வந்த நாளிலிருந்து அது மண்ணை மிதித்ததில்லை.

அடுத்த கடி எல்சியின் கணுக்காலில் விழுந்தது. அவளுடைய திங்கட்கிழமை போயிற்று. அவள் பாலர் பள்ளி டீச்சர். திங்கட்கிழமைகளில் பிள்ளைகள் காலியான நாற்காலிக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு அருமைநாயகத்தின் ஞாயிறு போயிற்று. பங்குச் சாமியார் அவரைச் சனிக்கிழமைப் பூசைக்கு வரச் சொன்னார். அதற்குப் பிறகு எல்சியின் சனி.

இருவரும் சேர்ந்து இருக்க மிஞ்சியவை செவ்வாய், புதன், வெள்ளி. கேஸ் தீர்ந்தது, மோட்டார் ரிப்பேரானது, தெரிந்தவர் வீட்டில் துக்கம், எல்லாவற்றையும் அந்த நாட்களிலேயே சொல்லி முடிக்க வேண்டியிருந்தது.

"இதுவும் போச்சுன்னா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே கிடக்க வேண்டியதுதானா?" என்று எல்சி கேட்டாள்.

அருமைநாயகம் மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய அண்ணன் மனைவி பாக்கியம் வந்தாள். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏ எல்சி, இத ஒரு சாக்குல போட்டு மீன்பிடித் துறைமுகத்துல விட்டுட்டு வாங்க. மீன் தலையும் குடலும் கிடக்கும், தின்னுட்டுப் பிழைச்சிக்கிடும். எங்க வீட்டுல ஒரு கிழமை குறைஞ்சிருக்கா, பாத்தியா?"

"இல்ல மைனி" என்றாள் எல்சி.

மைனி போனதும் அருமைநாயகம் சாக்கை எடுத்தார். மூக்கன் உள்ளே போன பிறகு சத்தமே போடவில்லை. ஸ்கூட்டரில் எல்சி அதை மடியில் வைத்துக்கொண்டாள். அது நடுங்குவது தொடைக்குத் தெரிந்தது. துறைமுகத்தில் ஆட்கள் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, இங்க விட்டா இவங்க கிழமைல்லா போவும்."

"அவங்க பாத்துக்கிடுவாங்க."

"இவன் எப்படிப் பாத்துக்கிடுவான்? கட்டிலும் பீரோவும் என் சேலையும் தவிர இவன் என்னத்தக் கண்டான்?"

அருமைநாயகம் வண்டியை அணைக்கவில்லை. சாக்கின் வாயைத் தளர்த்தி உள்ளே பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

கால்நடை டாக்டர் ஹமீதா, எந்தெந்தக் கிழமை போயிருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டார். "கடிக்கிறதுக்கு முன்னாடி வால் என்ன செய்யுது?" என்றார் அடுத்து.

இருவருக்கும் தெரியவில்லை.

"காது?"

அதுவும் தெரியவில்லை.

டாக்டர் மூக்கனின் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பல் சொத்தை. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. "ரொம்ப நாளா வலியோட இருக்கான். வலிக்கிற நேரத்துல தூக்கிக் கொஞ்சினா யாரா இருந்தாலும் கடிக்கத்தான் செய்வாங்க. ஜன்னல்ல வேற பூனை ஏதும் வருதா?"

"சன்ஷேடுல ஒரு செவலை வந்து உக்காந்து முறைக்கும்" என்றாள் எல்சி.

"அத எட்டிப் பிடிக்க முடியாத கோபத்தப் பக்கத்துல இருக்கிற கால்ல தீத்துக்கிடுறான். திட்டாதீங்க, தண்ணி தெளிக்காதீங்க."

"போன கிழமைங்க வருமா டாக்டர்?"

"வராதும்மா. இனிமே போகாம பாத்துக்கலாம்."

பல்லைப் பிடுங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்சி ஜன்னலின் கீழ்ப்பாதியில் செய்தித்தாள் ஒட்டினாள். பீரோவுக்கு மேலே ஏறிப் படுக்க ஒரு பலகை அடித்தார்கள். காலையும் மாலையும் கயிற்று நுனியில் கோழியிறகைக் கட்டி இழுத்து விளையாட்டுக் காட்டி, அது களைத்த பிறகு சோறு வைத்தாள்.

கஷ்டமெல்லாம் அருமைநாயகத்துக்குத்தான். வேலையிலிருந்து வந்ததும் மூக்கனை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொள்வது அவர் வழக்கம். இப்போது டாக்டர் சொன்னபடி தரையில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்க்க வேண்டும். அதுவாக வந்தால் உண்டு.

"மனுஷன் அலுத்துச் சலிச்சு வந்தா, தன் வீட்டுப் பூனையத் தான் பாக்கக் கூடாதாம்" என்று சுவரிடம் சொன்னார்.

ஒருநாள் மறந்துபோய்த் தூக்கிவிட்டார். வால் படார் படாரென்று அடித்தது. அவர் அதைக் கவனிப்பதற்குள் பல் பட்டுவிட்டது. ஆழமாகப் படாததால் புதன் மதியம் மட்டும் போயிற்று. அதன் பிறகு புதன்கிழமைகளில் அவர் முதல் கவளத்தை உருட்டுவார். வாயில் வைக்கும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

"எம்மேலதான் தப்பு" என்றார் எல்சியிடம். "அவன் வாலால சொல்லிட்டுத்தான் கடிச்சான்."

அதற்குப் பிறகு அவர் வாலைப் படிக்கக் கற்றுக்கொண்டார். எல்சியைவிட நன்றாகவே படித்தார். "இப்ப வேண்டாம், காது மடங்குது" என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பார். செவலை வரும் நேரம் தெரிந்து, அதற்கு முன்பே கயிற்றை எடுத்து ஆட்டினார். மழைக்காலம் வந்து போனது. கடி இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மூக்கன் பலகையிலிருந்து இறங்கி வந்து அவருடைய பாதத்தின் மேல் மோவாயை வைத்துக் கண்ணை மூடியது. அவர் காலை அசைக்கவில்லை. கால் மரத்துப்போனது. எல்சி காப்பி கொண்டுவந்தாள். அவர் குனியாமல், கைநீட்டாமல் இருந்ததால் அவளே டம்ளரை அவர் வாயில் வைத்தாள்.

"மெதுவா" என்றார், பூனையைக் காட்டி. அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் புதன்கிழமை. சாயங்காலம் அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது மூக்கன் கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ கவ்வி இழுத்துக்கொண்டு வந்தது. பாயில் இருவருக்கும் நடுவே போட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தது.

அது ஒரு நாள். சின்னது, ஈரமாக இருந்தது, மூச்சு வந்துகொண்டிருந்தது.

எல்சி அதைத் துவாலையால் துடைத்தாள். அவளுடைய சனிக்கிழமையாக இருந்தால் தொட்டதுமே தெரிந்திருக்கும். அது இல்லை. திங்களும் இல்லை.

"எந்தக் கிழமைங்க?"

அருமைநாயகம் புரட்டிப் பார்த்தார். "பேரு ஒண்ணும் போட்டிருக்கல."

பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார்கள். விடிந்தபோது இருவரும் அதற்குள் இருந்தார்கள். நல்ல வெயில். தெருவில் ஆள் இல்லை, கடை இல்லை, பஸ் சத்தம் இல்லை. எல்சி இரண்டு ஆளுக்கு அரிசி களைந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே சைக்கிள் மணி கேட்டது. பால்காரர். எல்சி பாத்திரத்தோடு இறங்கிப் போனாள். பால் ஊற்றும்போது அவருடைய மணிக்கட்டிலும் பழைய பூனைப் பல்தடம் தெரிந்தது.

"இந்த நாளுக்கு இந்தத் தெருவுலருந்து நீங்க மட்டுந்தானா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினார்.