எசமான் பேரைச் சொல்லாதவன்

ரயில் கம்பெனியின் நில அளவைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். ஊரே சர்ச்சில் மண்டியிட்டிருக்கும் நேரம் பார்த்து, சங்கிலியும் கம்பமுமாக வயலில் இறங்கிவிடுவார்கள்.

அப்போது எங்கள் எசமான் லார்ட் ஆஷ்வெல்லுக்கு ரயில் கம்பெனி என்றாலே ஆகாது. "ஜோசையா, இந்த ஞாயிறு நீ பிரசங்கம் கேக்க வேணாம். வயல்ல நில்லு. ஒருத்தன் காலு வைக்கக் கூடாது. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

நின்றேன். வந்தவனுடைய கருவியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். அவன் பல் ஒன்றும் போனது. அன்று சாயங்காலமே எசமான் இரண்டு முயல் கொடுத்தனுப்பினார்.

தாத்தா காலத்திலிருந்து நாங்கள் உழுகிற நிலம் அது. கையில் ஒரு காகிதம் கிடையாது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் எங்கள் பக்கம் லார்டிடம் குத்தகைப் பத்திரம் கேட்டால், அவர் வாக்கைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம். என் மனைவி டார்கஸ் கேட்கச் சொன்னபோதெல்லாம் நான் எரிந்து விழுந்தேன்.

அந்தக் கோடையில் எசமானின் குன்றில் நிலக்கரி அகப்பட்டது. கரியை நகரத்துக்குக் கொண்டுபோக ரயில் வேண்டுமே! இலையுதிர் காலத்துக்குள் அவரே ரயில் கம்பெனியின் இயக்குநர். நாட்டின் வளர்ச்சிக்கு வழி திறந்த பெருமகன் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கரியில்தான் நகரத்து ஆலைகள் ஓடுகின்றன.

கம்பெனி என்மேல் வழக்குப் போட்டது. எங்கள் ஊருக்கு மாஜிஸ்திரேட்டும் எசமான்தான். எனக்கு அதுவே பெரிய தெம்பு. முந்தின நாள் அவருடைய காரியஸ்தன் பிங்லி வந்தான்.

"எசமான் பேர மட்டும் இழுத்துடாத. ஒன் நெலத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"என்னப் பாத்தா காட்டிக் குடுக்கறவன் மாதிரியா இருக்கு?"

"அத எழுதிக் குடுக்கச் சொல்லுய்யா" என்றாள் டார்கஸ்.

"சும்மா இருடி!"

விசாரணையில் எசமான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "யாராவது ஒன்ன ஏவி விட்டாங்களா?"

"இல்லீங்க எசமான். நானாத்தான் செஞ்சேன்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதச் சிறை. அடிதடிக்காரனுக்குத் தன் நிலத்தில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். பாவி! ரயில் பாதை என் வீட்டின் குறுக்கே வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

டார்கஸ் எழுந்துவிட்டாள். "வயல்ல நிக்கச் சொன்னதே நீங்கதானேய்யா?"

எசமானுக்குக் கோபம்கூட வரவில்லை. "ஒன் புருஷனே இல்லேன்னு சொல்லிட்டானேம்மா. அவன் பொய் சொல்றானா, நீ சொல்றியா?"

சபை சிரித்தது. டார்கஸ் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.