பூஜ்யத்தில் தொடங்கும் அட்டை

அடையாறில் அந்த மருத்துவமனையின் பின்வாசலில் துப்புரவுப் பெண்கள் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். மணி ஆறு ஐம்பத்தைந்து. ஆரோக்கியமேரி மூன்றாவது முறையாகத் தன் அட்டையை வருகைப்பதிவு இயந்திரத்தில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. 'இந்த எண்ணில் யாரும் இல்லை' என்றது திரை.

"யாரும் இல்லியா? அப்போ பெரும்பாக்கத்துல அஞ்சரை பஸ்ஸு ஏறினது என் ஆவியா?"

பின்னால் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எட்டு மணிக்குள் பதிவாகாவிட்டால் ஆப்சென்ட். மகளுக்குக் காய்ச்சல் கண்டதில் இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு விழுந்துவிட்டது. மூன்றாவதும் விழுந்தால் காண்டிராக்டர் ஆளை மாற்றிவிடுவார். போன மாதம் ஜைதூன் பீ அப்படித்தான் போனாள்.

"இங்க நின்னுக்கினு இன்னா பண்ணப் போறீங்க? உள்ள போய் வேலையப் பாருங்க. மிசினு சரியானா கூப்புடறேன்" என்றான் சூப்பர்வைசர் டில்லிபாபு.

ஏழேகாலுக்கு ஹம்சினி ஸ்கூட்டரில் வந்தாள். தலையில் ஈரம் காயவில்லை. மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் தி. நகர் கம்பெனியில் வேலை. இயந்திரத்துக்குக் கீழே படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

தப்பு உடனே தெரிந்துவிட்டது. வாசல், லிஃப்ட், கேன்டீன் மூன்றும் அட்டை எண்ணைப் படிக்க ஒரே பொது நிரலை நம்பியிருந்தன. நேற்று மாலை அவள் அதைத் திருத்தியிருந்தாள். எண்ணின் முன்னால் வரும் பூஜ்யங்களை அந்தத் திருத்தம் வெட்டிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்கள்தான் பூஜ்யத்தில் தொடங்கும். சோதித்துப் பார்க்க அவளிடம் கொடுத்த பத்து அட்டைகளும் நிரந்தர ஊழியர்களுடையவை.

பழையபடி மாற்ற மேலாளர் குருபிரசாத்தின் அனுமதி வேண்டும். அவர் போனை எடுத்தபோது ஏழு முப்பத்தைந்து.

"வாக்கிங்ல இருந்தேன். பழசையே போட்டுடு. ஆனா எது எதை நம்பிண்டிருக்குன்னு பாத்துண்டு செய்."

பொது நிரலைப் பழையபடி மாற்றியதும் கேன்டீன் நின்றது. அது நேற்றே புதியதற்கு ஏற்ப மாற்றப்பட்டிருந்தது. அதையும் பின்னுக்கு இழுத்தாள். உடனே லிஃப்ட் முரண்டு பிடித்தது.

ஆரோக்கியமேரி மாப்போடு எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, மூச்சு வந்துச்சா? இத்தப் பண்ணவன் மட்டும் என் கையில கெடச்சான்…"

"நான்தான்க்கா பண்ணேன்."

ஆரோக்கியமேரி மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "சரி கண்ணு. எட்டுக்குள்ள முட்சிடு. எனக்கு இது மூணாவது."

அதன்பிறகு ஹம்சினி திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை மட்டும் பார்க்காமலிருக்க முயன்றாள். 7:52. 7:57. ஒரு கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தாள். லிஃப்ட் சரியானது. வாசல் இயந்திரம் அணைந்து, மெல்ல எழுந்தது.

8:04.

ஆரோக்கியமேரி ஓடிவந்து அட்டையை வைத்தாள். பச்சை விளக்கு. அவள் பெயர், போட்டோ, எல்லாம் சரியாக வந்தன. கீழே 'ஆப்சென்ட்'.

ஹம்சினி மறுபடி போன் செய்தாள். "சார், ஏழு மணிக்கே வந்துட்டாங்க. டைமை நான் கையால போட்டுடட்டுமா?"

"ரெக்கார்டுல கை வெச்சா ஆடிட்ல மாட்டிப்போம். வேணாம்." சற்று நேரத்தில் அவருடைய மின்னஞ்சல் எல்லோருக்கும் வந்தது: 'பழைய நிலை மீட்கப்பட்டது. யாருக்கும் பாதிப்பில்லை.'

எட்டரைக்கு டில்லிபாபு வந்தான். காண்டிராக்டர் போனில் பேசிவிட்டாராம். அவன் ஆரோக்கியமேரியின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"அட்டையக் குட்துடுக்கா."

"நைனா, காலைல நீதானே என்னை உள்ள அனுப்ச்சே?"

"மிசினு சொல்லுதேக்கா, நான் இன்னா பண்றது?"

அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹாலைப் பார்த்தான். பாதி துடைத்திருந்தது. 'தரை ஈரம்' என்ற எச்சரிக்கைப் பலகைக்கு இந்தப் பக்கம் தரை பளபளத்தது.

"டாக்டருங்க வர நேரம். மிச்சத்தையும் துட்சிட்டுப் போயிடு."

அவள் மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.