நாலாவது பச்சைத் தொப்பி

கோடை விடுமுறை என்று பள்ளிக்கூடம் அறிவித்தது. யாருக்கு விடுமுறை என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது.

என் மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்குப் போனால் இரண்டு மணிக்குத் திரும்புவாள். நான் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். எனக்கு மூன்று மணிக்குத்தான் வேலை. ஆக, வார நாட்களில் எங்கள் இல்லறம் என்பது, வாசலில் அவள் செருப்பைக் கழற்ற, நான் செருப்பை மாட்ட, நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடம். அதற்குள் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும்.

"பெரியது சாப்பிட்டாச்சு. சின்னது தட்டைக் கவுத்தாச்சு. சுவர்ல இருக்கிற பச்சைக் கோடு இன்னிக்குப் போட்டது, நீலக் கோடு நேத்தையது. வரேன்."

"ஜுரம் எதுவும் இல்லையே?"

"எனக்கா?"

"உங்களை யார் கேட்டா?"

பெரியவளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். யார் எந்தத் தம்ளரில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது வரை அவள் கையில்தான் இருக்கிறது. சின்னவனுக்கு இரண்டரை. சுண்டு. பார்க்கத்தான் சுண்டு. என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி இரண்டு சட்டங்களை உடைத்திருக்கிறான். அதனால் அவனைத் தூக்கும்போதெல்லாம் நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு உலகம் தண்ணீரில் நனைந்த ஓவியம் மாதிரி. நிறம் தெரியும், ஆள் தெரியாது.

மேனேஜருக்கு ஒரே ஒரு பயம் உண்டு. போன கோடையில் ஏரிக்குப் போயிருந்தபோது, கரையோரப் பாசியில் வழுக்கி, மூன்றே நொடி தண்ணீருக்குள் போய்விட்டாள். நான்தான் குதித்துத் தூக்கினேன். இடுப்பளவுத் தண்ணீர், அதில் வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் அதுவரை அவள் கையைப் பிடித்திருந்தது அவள் அம்மா. அன்றிலிருந்து பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றுவது என்றால் போர்தான். ஒருவர் பிடிக்க, ஒருவர் ஊற்ற, மூவரும் நனைந்து, அவள் கத்துவதில் கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

"இந்த லீவுல அவளுக்கு அந்தப் பயம் போகணும்ங்க. வேற எதுவும் நான் கேக்கல" என்றாள் மனைவி. சொல்லும்போது தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். இரண்டு வாரம், பன்னிரண்டு வகுப்பு, காலை ஒன்பதிலிருந்து பத்து. நான் பார்வையாளர் பெஞ்சில் சுண்டுவோடு உட்காருவேன். கண்ணாடி பையில் இருக்கும். மொத்தம் எட்டுப் பிள்ளைகள், எல்லோர் தலையிலும் பச்சை ரப்பர் தொப்பி, கண்ணை மூடிய நீச்சல் கண்ணாடி. முதல் நாள் மேனேஜர் வரிசையில் இடமிருந்து நாலாவதாக நின்றாள். அன்றே மனதில் குறித்துக்கொண்டேன்: நாலாவது பச்சைத் தொப்பி.

மூன்றாம் நாள் நாலாவது தொப்பி மிதந்தது. ஐந்தாம் நாள் காலை அடித்து முன்னே போனது. எட்டாம் நாள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குத் தனியாக நீந்தியது. நான் சுண்டுவை மடியில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினேன். பெஞ்சில் இருந்த வேறு எந்த அப்பாவும் அப்படித் தட்டவில்லை. பாவம், அவர்கள் பிள்ளைகள் அப்படி நீந்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அவள் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். ஊசிக்கு நீட்டிய கையோடு ஒரு நோயாளிகூடப் பார்த்தாராம்.

குழப்பம் வீட்டில் தொடங்கியது. குளத்தில் மீனாக இருக்கிறவள் குளியலறையில் பூனையாக இருந்தாள். ஒரு குவளை தண்ணீரைக் கண்டாலே கதவைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"நீந்துறவளுக்கு இது என்னடி பயம்?" என்றேன்.

மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது வேற தண்ணி" என்றாள்.

அதைப் பற்றி நானும் மனைவியும் வாசலில் நின்று பேசினோம். குளத்துத் தண்ணீர் கீழே இருக்கிறது, குவளைத் தண்ணீர் மேலிருந்து வருகிறது, அதனால் இருக்கலாம் என்றேன். நான் சொன்னது எனக்கே அறிவாகத் தெரிந்தது. "இருக்கும்" என்றாள் அவளும். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்?

பதினோராம் நாள் சுண்டு என் தோளிலேயே தூங்கிவிட்டான். எனவே கண்ணாடியை எடுத்து மாட்டினேன். நாலாவது தொப்பி சுவரைத் தொட்டு, மேலே ஏறி, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது. முன்பல் இரண்டும் இல்லாத, கன்னத்தில் மச்சம் வைத்த, நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு பெண். என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். கைதட்டலுக்குக் காத்திருந்தாள். பழக்க தோஷத்தில் தட்டியும் விட்டேன்.

என் பெண்ணைத் தேடினேன். ஆழமில்லாத மூலையில், படிக்கட்டின் முதல் படியில், கணுக்கால் மட்டும் நனைய உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மிதவைப் பலகைகள் அடுக்கியிருந்தன. வருகிற பிள்ளைக்கு ஒன்று எடுத்துக் கொடுத்து, போகிற பிள்ளையிடம் ஒன்று வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஓடாத! வரிசையா வா!" என்று அதட்டல் வேறு.

பயிற்சியாளர் அம்மாவிடம் போனேன். விசில் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு.

"உங்க பொண்ணுதானே? தங்கமான பொண்ணு சார்! மொத நாளே சொல்லிட்டா, தண்ணிக்குள்ள வர மாட்டேன், வேற வேலை இருந்தா குடுங்கன்னு. கட்டாயப்படுத்த வேண்டாம், தானா இறங்கட்டும்னு விட்டேன். நீங்களும் தினம் உக்காந்து பாத்து கை தட்டுறீங்களா, சரி, விவரம் தெரிஞ்ச அப்பான்னு நெனச்சுக்கிட்டேன்!"

விவரம் தெரிந்த அப்பா சுண்டுவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லல?"

"எதை?"

"நீ நீந்தலைன்னு."

நின்றுவிட்டாள். "நீங்கதானேப்பா தினமும் நல்லா நீந்துனேன்னு சொன்னீங்க. வீடியோ எல்லாம் அனுப்புனீங்க."

"அது நீன்னு நெனச்சேன்."

"நிஜமாவா?" அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிற முகம். "அம்மா அழாம இருக்கிறதுக்காக நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் நான் யார்கிட்டயும் சொல்லல. சுண்டுகிட்டகூட."

பதினோரு நாளாக நான் சொல்லாத பொய்யை என் பெண் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதற்குத் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு வாசலில் சொல்லிவிடத்தான் நினைத்தேன்.

"நாளைக்கு நானும் வரேன்!" என்றாள் மனைவி, செருப்பைக் கழற்றும் முன்பே. "கடைசி நாளாச்சேன்னு அரை நாள் லீவு குடுத்துட்டாங்க. எங்க தலைமை டாக்டரே போய்ப் பாத்துட்டு வாம்மான்னு சொல்லிட்டார். போன வருஷத்திலேருந்து ஒவ்வொரு நாளும் அந்தப் பாசி என் கண்ணுக்குள்ளேயே இருந்ததுங்க. இந்த ஒரு வாரமா இல்ல."

"இல்ல, அது வந்து..." என்றேன்.

"என்ன?"

"சின்னது சாப்பிடல."

ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. நான் படியிறங்கினேன். அன்று கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திவிட்டு, அவர் தலை சுற்றுகிறது என்றபோது, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாளும் சுண்டு பெஞ்சிலேயே தூங்கிவிட்டதால் நான் கண்ணாடி போட்டிருந்தேன். வகுப்பு பாதி ஆனபோது மனைவி வேலைக் கோட்டோடு ஓடி வந்தாள். "எது?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் தானே விரலை நீட்டி எண்ணினாள். வீடியோக்களில் நான் சொன்ன அதே கணக்கு. விசில் ஒலித்தது. நாலாவது தொப்பி பாய்ந்தது. மனைவி எழுந்து நின்று கை தட்டினாள், கண்ணில் தண்ணீரோடு.

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று என் வாய் திறந்தது. அதற்குள் மூலையிலிருந்து ஒரு குரல் குளம் முழுக்க எதிரொலித்தது.

"அம்மா! அது நான் இல்ல! நான் இங்க இருக்கேன்!"

மேனேஜர் மிதவைப் பலகையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தாள். பெஞ்சில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி மூலையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்போ இது யாருங்க?"

"தெரியல."

"பன்னெண்டு நாளாவா?"

"பதினொண்ணு. இன்னிக்கு எனக்குத் தெரியும்."

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி" என்று ஆரம்பித்தாள். பல்லி கழுநீர்ப் பானையில் விழுகிற மீதிப் பாதியைச் சொல்லாமல் அப்படியே மூலையை நோக்கி நடந்தாள். "செருப்பு! செருப்பு!" என்று பயிற்சியாளர் கத்தினார். கழற்றி எறிந்தாள். வேலைக் கோட்டோடு முதல் படியில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மனைவி தலையைக் குனிந்து எதையோ சொன்னாள். மேனேஜர் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தாள். பிறகு வலது கையை நீட்டியது மனைவி இல்லை, மேனேஜர். இருவரும் இரண்டாம் படிக்கு இறங்கினார்கள். மூன்றாம் படி. தண்ணீர் பிள்ளையின் இடுப்புக்கு வந்தது, கோட்டின் விளிம்பு மிதந்தது. இரண்டு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று, கண்ணாடி போட்டிருந்தும், எனக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து நாலாவது தொப்பி எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டு, வழக்கம்போல் என்னைப் பார்த்துக் கையசைத்தது. மூலையில் மேனேஜரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். அவளுக்குக் கை தட்டினால் இந்தப் பெண் ஏமாந்து போவாள். இந்தப் பெண்ணுக்குத் தட்டினால் என் பெண் என்ன நினைப்பாள்?

நான் கையை உயர்த்தியபடி நின்றேன். மேனேஜர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே உத்தரவு போட்டாள்.

"ரெண்டு பேருக்கும் தட்டுங்கப்பா! மொதல்ல எனக்கு!"