சாலையில் ஒரு மடிப்பு

பெரிய சாலையின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரத்துக்கு நடந்து போக அந்த வருடம் ஐந்தரை மணி நேரம் ஆனது. சாலையின் அகலம் பதினெட்டு மீட்டர். ஓரத்தில் நின்று பார்த்தால் எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகைகளைப் படிக்கலாம். மருந்துக் கடைக்காரர் கொட்டாவி விடுவதுகூடத் தெரியும். காலை எடுத்துத் தாரில் வைத்த பிறகுதான் சாலை அகலத் தொடங்கும். ஒன்பது வருடங்களுக்கு முன் புதுத் தார் போட்டு வண்டிகள் வேகமெடுத்தபோது இது ஆரம்பித்தது. முதல் வாரம் பத்து எட்டு கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. சிலர் செருப்பைக் குறை சொன்னார்கள், சிலர் வயதை. அந்த வருட முடிவில் கடக்கக் கால் மணி நேரமும், நான்காம் வருடம் இரண்டு மணி நேரமும் ஆனது. நடுவில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பிய பிறகு கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சாலையில் இறங்குகிறவர்கள் தண்ணீரும் குடையும் எடுத்துப் போனார்கள். பால்காரரின் சைக்கிளை ஒரு வேன் தட்டிய அன்று சைக்கிள் மட்டும் தனியாக உருண்டு கரைக்கு வந்தது. அவர் நொண்டிக்கொண்டு வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

கிழக்கு ஓரத்தில் தையல்காரியின் கடை இருந்தது. ஒரு மேசை, இரண்டு தையல் இயந்திரங்கள், சுவர் நிறைய வாங்க ஆள் வராத சட்டைகள். மேற்கு ஓரத்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், அவளுடைய அக்கா இருந்தாள். நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். சாலை அகலத் தொடங்கும்வரை அக்கா தினமும் பன்னிரண்டரைக்கு இறங்கி வந்து தங்கையின் வெட்டுமேசையில் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை. உப்பு கூடினால் அக்கா நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். இந்த மௌனம் இருவருக்கும் எவ்வளவு தேவைப்பட்டது என்பது அது இல்லாமல் போன பிறகே தெரிந்தது. தொலைபேசியில் அதைச் செய்ய முடியவில்லை. அரை நிமிடம் பேசாமல் இருந்தால் ஒருத்தி "லைன்ல இருக்கியா?" என்பாள், மற்றவள் "இருக்கேன்" என்பாள், அதோடு மௌனம் கெட்டுவிடும்.

வண்டி பிடித்தால் நான்கு கிலோமீட்டர் சுற்றிப் பத்து நிமிடத்தில் வந்துவிடலாம். அக்கா அதற்கு ஒப்பவில்லை. "எதிர் வீட்டுக்குப் போக வண்டி பிடிக்கிற ஜாதகம் எனக்கு இல்ல. ரோடு நமக்குத்தானே போட்டான்? நாம நடந்து போற மாதிரி போடட்டும்." இப்படிச் சொன்னதோடு நிற்காமல் நடப்போர் மற்றும் சைக்கிளோட்டிகள் சங்கத்தையும் ஆரம்பித்தாள். கிழக்கில் ஆறு பேர், மேற்கில் ஐந்து பேர். சாலையைக் கடக்க எந்த உறுப்பினரும் மோட்டார் வண்டியில் ஏறக் கூடாது என்பது தீர்மானம் எண் ஒன்று. அதனால் பதினோரு பேரும் ஒருமுறைகூட ஒரே இடத்தில் கூடவில்லை. கூட்டக் குறிப்புகளைச் சைக்கிள் கடைக்காரர் கொண்டு போவார். சைக்கிளில் ஒன்றேமுக்கால் மணி நேரம்தான். ஆனால் திரும்பி வரும்போது முகம் கரி பூசியது போலிருக்கும்.

நான்காம் வருடம் தையல்காரி தன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டிகளுக்கு நடுவே குந்திக் குந்தி ஒரு முழுப் பகலும் அளந்தாள். நாடா இரண்டாயிரத்து நானூறு முறை விழுந்தது. மூன்று கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். அக்கா அதைத் தட்டச்சு செய்து, சாலையின் அகலத்தில் மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டு மீட்டரைக் குறைக்க வேண்டுமென்று சாலை அலுவலகத்துக்கு அனுப்பினாள். நிர்வாகப் பொறியாளர் ஜீப்பில் வந்தார். ஓரத்தில் நின்றபடி கையடக்கக் கருவி ஒன்றை அழுத்தினார். எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. பதினெட்டு என்று கருவி காட்டியது. ஒளிக்குக் காலை எடுத்து வைக்க வேண்டியதில்லை. பதினெட்டிலிருந்து அவ்வளவையும் கழித்தால் சாலையின் அகலம் பூச்சியத்துக்குக் கீழே மூவாயிரத்து ஐந்நூற்று அறுபத்து நான்கு மீட்டராகிவிடும் என்றும், அத்தகைய சாலையைப் பராமரிக்க விதிகளில் இடமில்லை என்றும் பதில் வந்தது. அக்கா அந்தப் பதிலில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினாள். அதன் பிறகு அவள் அனுப்பிய முப்பத்தேழு மனுக்களும் கிணற்றில் போட்ட கல்லாயின.

ஏழாம் வருடம் அக்கா சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு தனியாக நடக்கத் தொடங்கினாள். பாதி வழியில் முழங்கால் மடங்கிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் அவளைப் பின்னால் உட்காரவைத்து மேற்குக்கே திருப்பிக்கொண்டு போய்விட்டார். இனி அவள் சாலையில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். தங்கை மாதத்துக்கு ஒருமுறை கடையை மூடிவிட்டு நடந்து போய், ஓர் இரவு தங்கித் திரும்பினாள். அக்காவுக்கு அறுபத்தாறு வயது. இன்னும் எத்தனை மாதம், எத்தனை முறை என்று தங்கை ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் வருடம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மருந்துக் கடைக்காரர் மாடி ஜன்னலிலிருந்து துண்டை வீசிச் செய்தி சொன்னார். தங்கை செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, முதலில் வந்த ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அக்கா கட்டிலில் கிடந்தாள். வலது கையை மருந்துக் கடைக்காரர் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்.

"எப்படி வந்தே?"

"நடந்துதான்."

"விழுந்து கால் மணி நேரம்தான் ஆச்சு. அதுக்குள்ள நடந்து வந்துட்டியா? பறந்து வந்தேன்னு சொல்லு, நம்பறேன்."

தங்கை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "உனக்கு ஏதாவது ஆயிருந்தா, அக்கா…"

"ஆயிருந்தா ஆயிருக்கட்டும். தீர்மானம் தீர்மானம்தான். சங்கத்துல இருந்து உன்னை எடுத்துட்டேன்."

பிறகு தலையணையை நகர்த்திக்கொண்டு, "வந்தது வந்துட்டே, முதுகுக்குக் கொஞ்சம் தைலம் தேய்ச்சு விட்டுட்டுப் போ" என்றாள். நீக்க ஆணையை இடது கையின் ஒற்றை விரலால் தட்டச்சு செய்து மூன்றாம் நாள் அனுப்பினாள். தங்கை அதை மடித்து இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

அந்த மாதமே நிர்வாகப் பொறியாளர் மேற்கு ஓரத்தில் ஜீப்பிலிருந்து குதிக்கும்போது அவருடைய கால்சட்டை பின்பக்கம் மேலிருந்து கீழாகக் கிழிந்தது. அவரை இறக்கிவிட்டு ஜீப் டீசல் போடப் போய்விட்டது. மறுநாள் தலைமைப் பொறியாளர் வருகிறார். எதிரே பதினெட்டு மீட்டரில் தையல் கடை. அவர் கோப்பைப் பின்னால் பிடித்துக்கொண்டு காலை பத்து மணிக்குச் சாலையில் இறங்கினார். மாலை மூன்றரைக்கு, உதடு வெடித்து, சட்டை உப்புப் பூத்து, கிழக்குக் கரையில் ஏறினார். நடுவில் ஒரு லாரி அவருடைய கோப்பைக் கொண்டு போய்விட்டது.

தையல்காரி அவரை முக்காலியில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள், கட்டிக்கொள்ளத் துணி கொடுத்தாள், கால்சட்டையை வாங்கிக்கொண்டாள். அவர் மூன்று செம்பு தண்ணீர் குடித்தார். சாலையைத் திரும்பிப் பார்த்தார். "இதை எப்படிம்மா குறைக்கறது?" என்று தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார்.

"துணி லூஸா இருந்தா வெட்டி எறிய மாட்டோம் சார். உள்ள மடிச்சுப் பிடிப்போம்." அவருடைய கால்சட்டையின் இடுப்பில் ஒரு மடிப்பை எடுத்துக் காட்டினாள். "ரெண்டு ஓரத்துலயும் மடிச்சு அடிங்க, சைக்கிள் அதுல போகட்டும். நடுவுல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரே ஒரு மடிப்பு, கொஞ்சம் தூக்கலா. வண்டிக்காரன் தானா மெதுவா வருவான்."

"எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியாதே."

"நான் சாக்பீஸ்ல கோடு போட்டுத் தரேன். கோட்டு மேல போனா போதும்."

பொறியாளர் இதை உயர்த்தப்பட்ட நடைக்கடப்பு என்று ஆணையில் எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிகளை நிறுத்தி, நடுச் சுவரில் வழி உடைத்தார்கள். தையல்காரி முக்கோணச் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போக, அவள் பின்னால் தார் கொட்டும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் இடித்து அழுத்த அழுத்தச் சாலை சேலைக் கொசுவம் போல மடிந்து உள்ளே போனது. ஒன்பது வருடம் கூடிய அகலம் முழுவதும் காலை பதினொன்றரைக்குள் மடிப்புக்குள் அடங்கியது. ஓர் இடத்தில் கோணலாக வந்ததைப் பிரித்து மறுபடி போடச் சொன்னாள். மேஸ்திரி முணுமுணுத்தார்; ஆனால் செய்தார். கடைசியில் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் அடித்தார்கள்.

பன்னிரண்டரைக்கு அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் மாவுக்கட்டு, மறுகையில் குச்சி. காத்து நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் அவசரம் காட்டாமல் முப்பத்தொரு எட்டில் கடந்தாள். சைக்கிள் கடைக்காரர் கை தட்டினார். அக்கா அவரை முறைத்தாள்.

"தங்கச்சியச் சங்கத்துல சேத்துக்கறீங்களா?" என்று அவர் கேட்டார்.

"விண்ணப்பம் குடுக்கட்டும். பரிசீலிக்கலாம்."

வெட்டுமேசையில் இடம் ஒழித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் தொலைபேசியில் சொல்லித் தீர்த்திருந்ததால் பேச ஒன்றுமில்லை. அக்காவின் இடது கையில் கரண்டி நிற்காமல் ஆடியது. தங்கை பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். ஒரு மணி நேரமும் அதற்கு மேல் கொஞ்சமும் அப்படியே போனது.

அப்போது ஒரு நீலக் கார் வேகத்தைக் குறைக்காமல் வந்து, மடிப்பின் மேல் ஏறாமல் அதற்குள் போய்விட்டது. சத்தமில்லை. பட்டைகள் மட்டும் சற்று நெளிந்து மறுபடி நேராயின. பின்னால் வந்த வண்டிகள் மெதுவாக ஏறி இறங்கிப் போயின.

அக்கா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வெளிய வருவான், பாவம்" என்றாள். "தண்ணி எடுத்து வை."

தங்கை எழுந்து போய்ச் செம்பை நிரப்பி வாசற்படியில் வைத்தாள்.