விளக்கின் முனகல்

மரியநாதன் தன் வீட்டு முன்னறையில் கட்டிய மெஷின் முதல் நாளே வாய் திறந்தது. ஆனால் பேசவில்லை, முனகியது. காய்ச்சல்காரன் போர்வைக்குள் கிடந்து முனகுவது போல ஒரே சுருதியில், மூச்சு விடாமல். ஊரில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் ஆளனுப்பிக் கூப்பிடுவது இவரைத்தான். சிங்கப்பூருக்கு வடக்கே பத்து பாகாட் ஊர்ப் படக்கொட்டகையில் பேசும்படம் வந்த நாளிலிருந்து மெஷின் ரூமே கதியென்று கிடப்பவர். அவருக்கே இப்படி ஒரு சோதனை.

கொட்டகையில் கழித்துப் போட்ட இரண்டு வால்வுகளையும் சீனன் கடையில் வாங்கிய சாமான்களையும் வைத்து ஆறு மாதம் கட்டிய மெஷின் அது. கிராமபோன் தட்டில் ஊசி ஓடும்போது பிறக்கும் துளி மின்சாரத்தை வால்வுகள் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்ப வேண்டும். அந்த வால்வுகளுக்குச் சுத்தமான மின்சாரம் கொடுக்க, பக்கத்தில் இன்னொரு பெட்டி. ஊர்க் கம்பியில் வருவது அலையடிக்கிற கரண்டு. அலையை அடக்கித் தட்டையாக்கித் தருவது அந்தப் பெட்டியின் வேலை. அலை சரியாக அடங்காவிட்டால் ஒலிபெருக்கி முனகும். அதனால் முதல் சந்தேகம் அந்தப் பெட்டியின் மேல் விழுந்தது.

கண்டென்சரை மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மரைத் தனியே பிரித்துப் பிஸ்கட் டின்னுக்குள் அடைத்து நாலடி தள்ளி வைத்தார். வால்வுக்குப் போகும் கம்பிகளைப் பின்னல் போல முறுக்கினார். வாசலில் இரும்புக் குழாய் அடித்து எர்த் கொடுத்தார். ஒரு தடவை கை தவறி இருநூற்றைம்பது வோல்ட்டைத் தொட்டு, சுவரில் போய் முட்டினார். ஒவ்வொன்றுக்கும் முனகல் கொஞ்சம் குறைந்தது. அடியோடு போகவில்லை.

இவ்வளவு பாடும் ஒரே ஒரு தட்டுக்காக.

போன வருஷம் ஜூன் மாதம் அவர்களுடைய ஒரே மகள் வினிஃப்ரெட் கன்னியர் மடத்தில் சேரப் பாண்டிச்சேரிக்குப் போனாள். சிங்கப்பூரில் கப்பலேறும் முன், காசு கொடுத்தால் நம் குரலைப் பிடித்துத் தரும் கடை ஒன்றில் ஒரு நிமிஷம் பேசி, அந்த அலுமினியத் தட்டைத் தபாலில் அனுப்பியிருந்தாள். மடத்திலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய மதர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். அதனால் வின்னி மனசு விட்டுப் பேசியது இந்தத் தட்டில் மட்டும்தான்.

தட்டு மென்மையானது. இரும்பு ஊசி பட்டால் கிழிந்துவிடும். மூங்கில் ஊசிதான் போட வேண்டும். அதிலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குரல் கொஞ்சம் தேயும். சாதாரணக் கிராமபோனில் வைத்தால் கொசு பேசுவது போலத்தான் கேட்கும். மரியநாதன் குழாய்க்குள் காதைக் கொடுத்து ஒரு தடவை கேட்டார். அவர் மனைவி கெர்ட்ரூட்டுக்கு அந்த வழியும் இல்லை. பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் மூன்று முறை மலேரியா கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொயினா மருந்தை ஊற்றி ஊற்றிக் காது போய்விட்டது. பஸ் எஞ்சின் கேட்கும், கோயில் பெரிய மணி கேட்கும். மனுஷக் குரல் கேட்காது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

"வின்னி என்ன சொல்றா?" என்று அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"நல்லாப் போய்ட்டு வரேன், எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றா."

அதுவும் தட்டில் இருந்தது. பொய்யில்லை. ஆனால் நடுவில் இன்னொன்றும் இருந்தது. அதை மரியநாதன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் பொய்க் கணக்கில் சேர்க்க முடியாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். பதினைந்து மாதமாக, கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அது வாயில் வரவில்லை.

சொல்லாமல் விட்டது இதுதான். வின்னி போகிறேன் என்றபோது கெர்ட்ரூட் அழுதாள், கத்தினாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மரியநாதன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டவர் கூப்பிட்டால் அப்பன் குறுக்கே நிற்கலாமா என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டார். அதைப் பெருந்தன்மை என்றுதான் நினைத்தார். தட்டில் மகள் வேறு விதமாகச் சொன்னாள். அப்பா ஒரு வார்த்தை 'இரு' என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பேன் என்றாள். அம்மா அழுதது எனக்குத் தெம்பாக இருந்தது, அதை அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாள்.

கெர்ட்ரூட்டோ தன் அழுகையும் கத்தலும்தான் பெண்ணை வெறுத்து ஓட வைத்தது என்று நம்பிக்கொண்டிருந்தாள். வின்னி போன அன்றே திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் சிவப்புப் பல்பு ஒன்று போடச் சொன்னாள். "அவ வார்த்தைப்பாடு குடுக்கிற வரைக்கும் நம்ம கையால இத அணைக்கக் கூடாதுங்க" என்று நேர்ந்துகொண்டாள். கரண்டு போய்த் தானாக அணைந்தால் அது வேறு. நம் கை படக் கூடாது. வரும் டிசம்பரில் அவள் கன்னியராக உறுதி கொடுக்கும் அந்த வார்த்தைப்பாடு. இரவும் பகலும் அந்த விளக்கு எரிவதைப் பார்க்கும்போதெல்லாம் மரியநாதனுக்கு நெஞ்சில் முள் தைத்தது. தைத்தும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவளே கேட்டாள். "கொட்டகையில படம் பேசறது எனக்குக்கூட லேசாக் கேக்குது. அந்த மாதிரி வின்னிய ஒரு தடவ பேச வைங்களேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கட்ட ஆரம்பித்தார்.

முனகல் வந்தபோது அவருக்கு முதலில் வந்தது எரிச்சல் இல்லை, நிம்மதி. அதை உணர்ந்தவுடன் வெட்கம் வந்தது. வெட்கம் தாளாமல் ராப்பகலாகக் கோளாறைத் தேடினார். தட்டை ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். கெர்ட்ரூட் ஒலிபெருக்கிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"பஸ்சு நின்னு உறுமுற மாதிரி ஒரு சத்தம் வருது. வின்னி எங்க?"

கனமான சத்தம்தான் அவளுக்கு எட்டும். முனகலோ கனமானது. மகளின் குரல் அதற்கு அடியில் அமுங்கிக் கிடந்தது.

கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் சபாபதி ஒரு சனிக்கிழமை வந்து கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். "அலமாக், என்னண்ணே இது? வீட்டுல வேற எதையாவது கரண்டுல ஓட்றீங்களா? எல்லாத்தையும் அடச்சுட்டுப் பாருங்க லா."

"எல்லாத்தையும் அடச்சுப் பாத்தாச்சுப்பா" என்றார் மரியநாதன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். முன்னறை விளக்கை அணைத்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அவர் மின்விசிறியைக்கூட நிறுத்த வைத்தார். சிவப்புப் பல்பு தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக் கூடாத விளக்கு, ஆகவே அணைக்க வேண்டியவற்றின் பட்டியலில் அது வரவே இல்லை. பதினைந்து மாதம் கண்ணெதிரில் எரிந்த விளக்கு, கோளாறு தேடிய கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து கெர்ட்ரூட் மாதா சபைக் கூட்டத்துக்கு நின்றுவிட்டாள். மரியநாதன் மட்டும் வீட்டுக்கு வந்து, ஊசி மாட்டும் பிக்கப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, ஒலிபெருக்கியைக் கேட்டபடி அறைக்குள் நடந்தார். எந்த மூலைக்குப் போனாலும் அதே முனகல். சாய்த்துப் பிடித்தால் குறைந்தது, நேராகப் பிடித்தால் ஏறியது. வாசல்படியைத் தாண்டி வெளியே கையை நீட்டினார். அடங்கிப் போயிற்று. உள்ளே இழுத்தார். மறுபடி முனகல்.

அப்படியானால் முனகல் மெஷினில் இல்லை, அறையில் இருக்கிறது.

அண்ணாந்து பார்த்தார். சுவரின் உச்சியில் மரச்சட்டம் ஓடியது. ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் கம்பி தெரிந்தால் அசிங்கம் என்று, பல்புக்குப் போகும் கம்பியை இடப்பக்கச் சுவர் வழியாகவும் திரும்பும் கம்பியை வலப்பக்கச் சுவர் வழியாகவும் சட்டத்துக்குள் மறைத்துக் கொண்டுபோனது அவரேதான். பக்தி சொல்லியது, கை செய்தது. போகிற கம்பியும் வருகிற கம்பியும் சேர்ந்தே போக வேண்டும் என்பது நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். இப்போது முன்னறை முழுவதும் அந்த ஒற்றைக் கம்பி வளையத்துக்குள் இருந்தது. வளையத்தின் காந்தம் பிக்கப்புக்குள் புகுந்து முனகியது. கரண்டு பாயிண்ட் இருப்பதும் இந்த ஒரே அறையில்தான்; வாசலைத் தாண்டினால் தெரு, அங்கே கிராமபோனை வைத்தால் பஸ் ஓடும் அதிர்வில் ஊசி தட்டைக் கீறிவிடும்.

விளக்கை அணைத்தால் போதும். அணைக்காமல் கம்பியை மாற்றிப் போட வழியில்லை. ஊரில் கரண்டு போகட்டும் என்று காத்திருக்கலாம் என்றால், அப்போது மெஷினும் போய்விடும்; அந்த நேரத்தில் கம்பியைக் கழற்றினாலும், கரண்டு திரும்பும்போது விளக்கு அணைந்து கிடப்பது அவர் கையால்தான்.

கை ஸ்விட்சு வரை போய்த் திரும்பியது. நாற்காலியில் உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்தால் இதைவிட வாட்டமான சாக்கு ஒருவனுக்குக் கிடைக்காது. மெஷின் சரிவரவில்லை என்று சொல்லிவிடலாம். கெர்ட்ரூட் நம்புவாள், இவ்வளவு பாடுபட்டாரே என்று பரிதாபமும் படுவாள். டிசம்பர் வரும், வார்த்தைப்பாடு முடியும், தட்டும் பெட்டிக்குள் கிடக்கும். அவருடைய மௌனத்துக்கு ஆண்டவர் படமே காவலாக நிற்கும். அந்த நினைப்பு வந்த பிறகுதான் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கெர்ட்ரூட் வந்து முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் நின்றார்.

"கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"எங்க?"

அவர் படத்தைக் காட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கம்பி போன வழியை விரலால் சுவரில் வரைந்து காட்டினார். அவள் சட்டத்தின் வழியே கண்ணை ஓட்டினாள்.

"அணைச்சாக் கேக்குமா?"

"கேக்கும்னு நெனைக்கிறேன். கெர்ட்டி, ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். தட்டுல இருக்கிறது முழுசும் நான் உனக்குச் சொல்லல."

அவர் உதட்டை அவள் படித்தாள். படித்துவிட்டுத் திரும்பிச் சிலுவை போட்டு மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொன்னாள். நேர்ந்தது அவள், ஆகவே அவளே எட்டி ஸ்விட்சைத் தட்டினாள்.

முனகல் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது. மரியநாதன் புது மூங்கில் ஊசி மாட்டித் தட்டில் வைத்தார். கெர்ட்ரூட் ஒலிபெருக்கியின் மேல் ஒரு கையை வைத்துக் காதை அதில் அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, அப்பா, வின்னி பேசறேன்" என்று அறை நிறைய மகள் வந்து நின்றாள். "நல்லாப் போய்ட்டு வரேன். அம்மாவுக்கு இது கேக்காது, அப்பா கேட்டுச் சொல்லுங்க. அப்பா, பஸ்சு ஏறுற வரைக்கும் நீங்க ஒரு வார்த்த இருன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா இருந்திருப்பேன். அம்மா அழுதாங்கல்ல, அதுதான் எனக்குத் தெம்பா இருக்கு. நான் வேணும்னு ஒருத்தர் அழுதாங்க. அம்மாகிட்ட இத மறக்காமச் சொல்லிடுங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

ஊசி கரகரத்தது. மரியநாதன் எடுத்து வைத்தார். கெர்ட்ரூட் ஒலிபெருக்கியிலிருந்து காதை எடுக்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அழுகிறாளா, மகளின் குரலைக் கேட்ட சந்தோஷமா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

பிறகு திரும்பினாள். "மறக்காமச் சொல்லுங்கன்னு சொல்றா."

"ஆமா."

"பதினஞ்சு மாசம். என்னாலதான் போனான்னு நெனச்சு எத்தன நாள் அழுதிருப்பேன். பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு வெக்கமாப் போச்சு கெர்ட்டி."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து போய் மேசையிலிருந்து கடிதத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மாதா மாதம் மகளுக்குக் கடிதம் எழுதுவது அவள்தான். அவர் கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவார்.

"இந்த மாசம் நீங்க எழுதுங்க. டிசம்பருக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. இருக்கிறதும் வர்றதும் அவ இஷ்டம். அவ எதிர்பாத்த வார்த்த அவளுக்குப் போய்ச் சேரணும்."

மரியநாதன் பேனாவை எடுத்தார். கடைசியில் இரண்டு வரி எழுதி அவள் பக்கம் நகர்த்தினார்.

'அன்புள்ள வின்னி, வருவதாக இருந்தால் வீட்டுக்கு வந்துவிடு. நீ இங்கே இருக்க வேண்டும் என்று அப்பா கேட்கிறேன்.'

கெர்ட்ரூட் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். தாளை அவர் பக்கமே திருப்பி, ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"'வருவதாக இருந்தால்'ங்கறத அடிங்க" என்றாள்.

அவர் அடித்தார்.